பெரிய பவர் சப்ளை

என்னவருக்கு,

ஊசி போட்ட களைப்பில் தூங்குகிறீர்கள். நேரில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

நேற்று எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடையில் உங்கள் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது. காலேஜ் நாளிலிருந்து ஆசைப்பட்ட கேமிங் கம்ப்யூட்டர் அல்லவா! பிராசஸர் நடுத்தரமாக இருந்தால் போதும், கிராபிக்ஸ் கார்டுதான் முக்கியம் என்று எனக்குப் பாடமே எடுத்தீர்கள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று.

அப்போதுதான் கடைக்காரர், "சின்ன பவர் சப்ளை வேண்டாம் சார், பெருசா எடுத்துக்கோங்க. நாலு வருஷம் கழிச்சு புது கார்டு மாத்தறப்ப அதுக்கும் கரண்ட் பத்தும்" என்றார்.

"மாத்தற வேலையே இருக்காதுங்க. இப்போதைக்கு ஓடினா போதும்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவேயில்லை நீங்கள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதை உங்களிடம் மறைத்து, மருந்து வேலை செய்கிறது என்றுதான் சொல்லி வந்தேன். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தக் கடையில்தான் புரிந்தது. ஆட்டோவில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தீர்கள். நானும் சிரித்தேன்.

இன்று காலை நான் மட்டும் மறுபடி போய், சின்னதைக் கொடுத்துவிட்டுப் பெரியதை வாங்கி வந்தேன். புது கார்டு எதுவும் வரப்போவதில்லை, தெரியும். ஆனாலும் அடுத்த வருஷத்துக்கு இடமே விடாமல் நீங்கள் ஒரு பொருளை வாங்குவதை என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்ததும் மாட்டிவிடலாம். உங்களுக்குக் களைப்பாக இருந்தால் ஸ்க்ரூவை நான் திருகுகிறேன். ஏன் மாற்றினாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்களவள்