சாவிப் பெட்டிக்கு இரண்டாவது சாவி

என் பிலோமினா அக்கா, நீங்கள் இருக்கும் இடத்தில் பள்ளி மணி அடிக்காது என்று நம்பி, இந்த மத்தியானத்தில் அன்போடு உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. கோலா கெத்திலில் உங்கள் பள்ளி நன்றாகவே நடக்கிறது. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் என் பள்ளியும் நடக்கிறது, ஒரே ஒரு காலையைத் தவிர. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தலைமையாசிரியர்களின் நலம் பற்றிச் சுங்கைப் பட்டாணியில் நமக்கு ஒரு பயிலரங்கு நடந்ததே, நினைவிருக்கிறதா? கண்ணை மூடி ஆழமாக மூச்சு விடச் சொன்னார்கள். நீங்கள் என் காதருகே, "மூச்சு விடச் சொல்றாங்க, லீவு எடுக்கச் சொல்லலையே லா" என்றீர்கள்.

எனக்கு அந்த மாதிரிப் பேச்சுகளில் நம்பிக்கை இருந்ததில்லை. நீங்களும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் மறு வாரமே, வகுப்பறைச் சாவிகள் தொங்கும் பெட்டிக்கு இன்னொரு சாவி செய்து துணைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் நோய்க்குச் சிகிச்சை எடுத்த நாட்களில் அறிவிப்புப் பலகையில் 'மருத்துவமனை' என்று எழுதிவிட்டுப் போனீர்கள். பள்ளியிலிருந்து யாரும் உங்களை அழைக்கவில்லை.

"ஏதாச்சும் தொலைஞ்சா யாருக்கா பதில் சொல்றது?" என்று கேட்டேன்.

"பொருள் தொலைஞ்சா தேடிக்கலாம். நான் தொலைஞ்சா எங்க போய்த் தேடுவ, தங்கச்சி?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பொறுப்பின்மை என்றுதான் நினைத்தேன். உங்கள் அடக்கத்தன்று, உடம்பை இவ்வளவு பார்த்துக்கொண்டு என்ன பயன் என்றுகூட நினைத்தேன். மறுநாள் உங்கள் பள்ளி வழக்கமான நேரத்தில் திறந்ததாகக் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாளாவது தடுமாறியிருக்கக் கூடாதா?

என் பெட்டிச் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. ஒரு விடுமுறையில் பள்ளிக் கணினி காணாமல் போனதிலிருந்து அப்படித்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெடா மாநிலத்தில் நமக்கு அதுதானே வாரத்தின் முதல் நாள், கார் ஓட்டும்போது தலை சுற்றியது. பீடோங்கில் ஒரு கிளினிக் வாசலில் நிறுத்தினேன். இரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் எழுந்திருக்கவே விடவில்லை. கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. தாதி எடுத்து என் காதில் வைத்தார். பள்ளிக் காவலர் முனியாண்டி அண்ணன்.

"டீச்சர், ஸ்கூல் கேட்ட தொறந்துட்டேன். கிளாஸ எப்படித் தொறக்கறது? மழை சாத்துது. பிள்ளைங்க எல்லாம் நனைஞ்சுக்கிட்டு நிக்குதுங்க."

என் துணைத் தலைமையாசிரியர் தேவி காரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கே வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு உடனே போகவில்லை.

"ரெண்டு வருசமா இன்னொரு சாவி கேக்கணும்னு இருந்தேன் டீச்சர். என்மேல நம்பிக்கை இல்லையோன்னு வாய மூடிக்கிட்டேன்."

அக்கா, அப்போதுதான் உங்களைப் புரிந்துகொண்டேன். நான் உடம்பைக் கெடுத்துக்கொண்டதற்குக் கடமை என்று பெயர் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு திறமைசாலியை இரண்டு வருடம் சந்தேகத்தில் நிறுத்தியதற்கு என்ன பெயர் வைப்பது? நீங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டது உங்களுக்காக மட்டும் இல்லை. உங்களோடு வேலை செய்தவர்கள் நிமிர்ந்து நிற்க இடம் விட்டீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம்.

நாளைக்குச் சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் எனக்கு இருதயப் பரிசோதனை. முன்பு கொடுத்த தேதியைப் பள்ளி வேலையைச் சொல்லித் தள்ளிப்போட்டேன். நாளைக்கும் பள்ளிக்குக் கல்வி அதிகாரிகள் வருகிறார்கள். சற்று முன் புதுச் சாவியைத் தேவியிடம் கொடுத்தேன்.

"நீங்க எங்கன்னு கேட்டா மீட்டிங்னு சொல்லிடவா டீச்சர்?"

ஒரு கணம் தலையாட்டத்தான் தோன்றியது.

"வேணாம். ஆஸ்பத்திரின்னே சொல்லுங்க" என்றேன். பிறகு நானே போய்ப் பலகையில் எழுதினேன். என் கையெழுத்தில் அந்தச் சொல் சற்றுக் கோணலாகத்தான் விழுந்திருக்கிறது.

நாளைக்குப் போவேன், அக்கா. தொலைபேசியை அணைத்துவைக்கும் தைரியம் இன்னும் வரவில்லை. ஆனால் பள்ளிக்கு நானாக அழைக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

தொலைந்துபோகாமல் இருக்கப் பார்க்கும்
உங்கள் தங்கச்சி,
மல்லிகா