நடுக்குளத்தில் நிற்காத படகு

இன்று காலை உன் மகள் என் ரேடியோ கடைக்கு வந்தாள், மச்சான். கையில் அந்த ரிமோட் படகு. மேசையில் வைத்ததுமே சாம்பிராணி வாசம். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் உன் பூசைச் சாமான் கடை அதில் அப்படியே இருக்கிறது.

"மாமா, திருவிழாவுக்கு அம்மன் இதுலதான் போகணுமாம். பாத்துக் குடுங்க" என்றாள்.

உன் தங்கச்சி சவூதியில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளை வேண்டாமென்று போட்ட படகு. நம் தேயிலைத் தோட்டத்தில் பெரிய தெப்பம் கட்ட வசதியில்லை, பெக்டரிக் குளத்தில் இதிலேயே பித்தளை அம்மனை வைத்து விடலாம் என்று கிளம்பியவன் நீ. கோயில் தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"சாமி நடுத்தண்ணியில நின்னா தோட்டத்துக்கே ஆகாது தம்பி. நின்னுச்சுன்னா இனிமே தெப்பமே கெடையாது."

"ஹரி, ஹரி, நிக்காதுங்க!" என்று சிங்களத்தில் சரி போட்டு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாய்.

ஒத்திகையிலேயே நின்றது. மேசையில் விர்ரென்று சுற்றிய மோட்டார், குளத்தில் பாதி தூரத்திலேயே செத்தது. புது பேட்டரி போட்டும் அதே கதை. அம்மனைச் சுற்றி நீ கட்டியிருந்த கலர் பல்பு மாலை மேல் நான் பாய்ந்தேன்.

"கழட்டுடா அத!"

"அம்மன் இருட்டுலயா போவா? ஒனக்கு அறிவிருக்கா?"

கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனாய். பிறகு நீயே ஒரு பேசினில் தண்ணீரோடு வந்தாய். "தண்ணியில நிக்கிறத தண்ணியில வச்சுத்தான்டா பாக்கணும்."

அதுதான் சரி. தண்ணீரைத் தள்ளும்போதுதான் மோட்டார் கரண்டை இழுக்கும். நீ படகைப் பிடித்து முழு வேகம் கொடுத்தாய், நான் மீட்டர் வைத்தேன். பேட்டரியில் வோல்ட் குறையவில்லை. மோட்டாருக்கு வந்ததோ பாதிதான். வயரைத் தடவிக்கொண்டே போன நீ "அம்மாடி!" என்று கையை உதறினாய். பல்புக்காக நீயே முறுக்கி டேப் சுற்றிய மூட்டு, தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"சிரிக்காத. நான் கெடுத்தத நானே பாத்துக்கிறேன்" என்று சோல்டர் அயனைப் பிடுங்கி, அந்த மூட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஈயத்தை அப்பினாய். பல்புக்குத் தனி பேட்டரி கொடுத்தோம்.

திருவிழாவன்று நான் அந்த ஈயக் கட்டியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். நீ ரிமோட்டைப் பிடித்தபடி, "அந்தக் கரையில நின்னு அம்மனைத் தூக்கு. வரும்" என்றாய். வந்தது. தலைவரின் கண்ணும் கலங்கியிருந்தது.

இன்று படகைத் திறந்தேன். பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது; வேறு மாற்றினேன். பேசினில் வைத்து முழு வேகத்தில் உன் ஈயக் கட்டியின் இரு பக்கமும் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. வோல்ட்டைக் கொஞ்சம்கூட விழுங்காமல் விடுகிறது. அவலட்சணமான கட்டிதான், நான் தொடவில்லை.

இந்த வருஷம் ரிமோட் உன் மகள் கையில். "நடுவுல நின்னுறாதுல்ல மாமா?" என்று கேட்டாள்.

"நான் அந்தக் கரையில நிக்கிறேன். வரும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் குரல் என்று புரிந்து அழுதேன், மச்சான். அவள் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.