கலக்காத மாவு

மார்ச் 3, செவ்வாய்
புது மிக்ஸர் வந்து பத்து நாள். நீளத் தொட்டி, உள்ளே சுருள் சுருளாய் இரும்புப் பட்டை சுற்றுகிறது. சத்துமாவையும் இரும்புச்சத்துப் பொடியையும் கொட்டினால் பதினைந்தே நிமிஷம். இதை ஓட்டப் பிடித்திருக்கிறது. இரைச்சல்கூடக் கம்மி.

மார்ச் 5, வியாழன்
லேப்பிலிருந்து பவ்யா வந்து சொன்னாள்: ஒரே பேட்ச்சில் எடுத்த ஐந்து மாதிரியில் இரண்டில் இரும்புச்சத்து பாதிகூட இல்லையாம். குழந்தைகள் சாப்பிடுகிற மாவு. மொத்த பேட்ச்சையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஹரிபாபு எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார், நேரத்துக்கு முன்னாலேயே நிறுத்தினாயா என்று. நானா? கடியாரத்தப் பாத்துக்கினேதான நிக்கிறேன். பதினோரு வருஷத்துல ஒரு நாளு குறைச்சது கிடையாது.

மார்ச் 6
சோறு இறங்கலை.

மார்ச் 7, சனி
மிஷினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். பட்டைக்கு மேலே ஒரு சாண் மாவு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஹரிபாபு சொல்லித்தான் அவ்வளவு நிரப்புகிறோம். பட்டை தொடாத மாவு எப்படிக் கலக்கும்?

அவரிடமே சொன்னேன். முகம் சுருங்கியது. மாட்டுத் தீவனத்துக்குப் போகிற கழிவு மாவில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் சார் என்றேன். "சரே, கானி", சரி ஆகட்டும் என்று தெலுங்கில் முனகிவிட்டுப் போனார்.

மார்ச் 9, திங்கள்
அதே அளவு கழிவு மாவை நிரப்பி, மேலே மஞ்சள்தூள் தூவி ஓட்டினேன். பதினைந்து நிமிஷம், அவரே கடிகாரம் பார்த்தார். திறந்தால் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் திட்டுத்திட்டாய்க் கிடந்தது. அதைக் கொட்டிவிட்டு, புதிதாய்ப் பாதி அளவே நிரப்பி, மஞ்சள் தூவி மறுபடி அதே பதினைந்து நிமிஷம் ஓட்டினோம். முழுக்க ஒரே நிறம்.

ஹரிபாபு ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். "நிரப்பச் சொன்னது நான். ரிப்போர்ட்லயும் அப்படியே எழுதறேன், துர்கா" என்றார்.

இதை எதிர்பார்க்கவில்லை. திட்டத் தயாராய்த்தான் வந்திருந்தேன்.

மார்ச் 12
நிறுத்தி வைத்த மாவைப் பாதிப் பாதியாய்த் திரும்பக் கலந்தோம். லேப் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பவ்யா பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். பத்து மாதிரியும் சரி! புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப் போனேன்.

ஏப்ரல் 2, வியாழன்
மத்தியானம் மாவு ஏற்ற லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அவசரப்படுத்தினார். ஹரிபாபு என்னிடம் வந்து, தொட்டியில் இன்னும் இரண்டு மூட்டை சேர்த்துக் கொட்டலாமா என்று கேட்டார்.

வேண்டாம் சார் என்றேன்.

தலையாட்டிவிட்டு, டிரைவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லப் போனார்.