வாசலில் கட்டிய பூசணிக்காய்

வினோதா நைனாவுக்கு,

ஆரணிக்கு உங்க அண்ணன் ஊட்டுக்குப் போனதுலருந்து வீடியோ கால்ல நீங்க மூஞ்சியே காட்டறதில்ல. அதான் எழுதுறேன்.

"சின்னப் புள்ளைக்குப் போயி பேய்க் கார்ட்டூனா?"ன்னு நேத்து போன்ல கோச்சிக்கினீங்க. நானும் வேணாம்னுதான் சொன்னேன். பக்கத்தூட்டு ஏஞ்சலின் அக்காதான், வெளிநாட்டுல பேய்ப் பண்டிகைக்குப் போடுற பழைய கார்ட்டூன், ஒண்ணும் ஆவாதுன்னு போட்டாங்க. அதுல பூசணிக்காய்ல கண்ணும் பல்லும் வெட்டி, உள்ள விளக்கு வெச்சிருந்தாங்க. எனக்கே திக்குனு இருந்துச்சி.

வினோதா பாப்பா பயப்படவே இல்ல. "நம்ம வாசல்ல மூஞ்சி வரைஞ்சி கட்டியிருக்கோமே, அந்தத் திருஷ்டிப் பூசணிக்காதான் இது. ஊட்டுக்குக் காவல்"னு சொல்லிட்டு, முறுக்கு தின்னுகினே பாத்துச்சி.

கம்பெனி ஃபர்னஸ் நெருப்புலருந்து உங்கள உசுரோட குடுத்த கங்கையம்மாவ தெனமும் கும்புடுறேன். இன்னிக்கி ஏஞ்சலின் அக்கா கையையும் புடிச்சிக்கினு நன்றி சொன்னேன். ஏன்னா, கார்ட்டூன் முடிஞ்சதும் பாப்பா என் போன நோண்டுச்சி. நான் மறைச்சி வெச்சிருந்த, மூஞ்சி வெந்துபோன உங்க ஆஸ்பத்திரி போட்டோவ பாத்துடுச்சி. பயந்துடப் போவுதுன்னு போன புடுங்கப் போனேன். அது பாட்டுக்கு உங்க கன்னத்த வெரலால தடவிச்சி. அப்புறம் கோவமா கேட்டுச்சி:

"ஆரணியில பெரியப்பா ஊட்டுக்கு மட்டும் நைனா ஏன் காவல் இருக்குது? நம்ம ஊட்டுக்கு யாரு இருக்கறது?"

பதில நீங்களே வந்து சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க ஊட்டுக்காரி