கோலிக்குண்டுச் சக்கரம்

ஜூன் 4

அன்புள்ள அப்பா,

நலம். நீங்களும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில்தான் பதில் போடுவீர்கள். அணைக்கட்டில் போன் எடுக்காது, சரி. பேனாவும் எடுக்காதா?

வீட்டில் ஒரு அதிசயம் நடந்துகொண்டிருக்கிறது. மாமாதான். போன மழையில் செருப்புக்குக் குடை கண்டுபிடித்த அதே ஐடியா மாமா. இந்தத் தடவை சக்கரம். பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றில் சுற்றிலும் வளைந்த குழாய்களைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கோலிக்குண்டு போட்டிருக்கிறார். (என் கோலிக்குண்டுகள். அனுமதி கேட்கவில்லை.) குண்டு ஒரு பக்கம் உருண்டு பாரம் தருமாம், அந்தப் பாரத்தில் சக்கரம் சுற்றுமாம், சுற்றினால் அடுத்த குண்டு உருளுமாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு தட்டினார். அப்பா, அது இன்னும் நிற்கவில்லை. கரண்ட் போனாலும் சுற்றுகிறது. கடகடகடவென்று முன்னறையில் ஒரே சத்தம்.

"கரண்ட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், ஒண்ணுமே வேண்டாம்" என்கிறார் மாமா.

"அப்போ நாளையிலேர்ந்து நானும் சாப்பிடாமலே ஸ்கூலுக்கு ஓடலாமா மாமா?" என்றேன்.

"நிஜமான ஓயாத சக்கரம் இவ வாய்தான்க்கா" என்று அம்மாவிடம் புகார் போனது.

மருந்துக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, தன் ஃபிரிட்ஜை இதில் மாட்டித் தர முடியுமா என்று கேட்கிறார். மாமா சக்தி என்கிறார். நான் யுக்தி என்கிறேன். சர்க்கரை டப்பாவில் உப்புப் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன்: ஏமாற்றுகிறவர் எல்லாவற்றையும் காட்டுவார், ஒரே ஒரு இடத்தைத் தவிர. இந்தச் சக்கரம் அம்மாவின் தையல் பெட்டிமேல் நிற்கிறது. மூடியில் வெட்டிய ஒரு வாய்க்குள் சக்கரத்தின் அடிப்பாகம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அந்தப் பெட்டியின் பக்கக் கதவை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. "உள்ளே ஊசி நூலெல்லாம் இருக்கு, கை வெச்சே, தெரியும்" என்று அம்மா வேறு தன் தம்பிக்குக் காவல். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? கரண்ட் அடிக்கடி போகிறதென்று டார்ச்சுக்கு பேட்டரி வாங்கிக் குவித்துக்கொண்டிருக்கிறாள்.

வேலையை விட்டுவிட்டு வாங்க, சேர்ந்து சக்கரம் செய்வோம் என்று மாமா உங்களுக்கு எழுதியிருக்கிறாராமே? படித்துவிட்டு டர்பைனே அதிரும்படி சிரித்திருப்பீர்கள். நாளெல்லாம் அங்கே நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்றும் எழுதுங்கள்.

உங்கள்,
சந்தேகப் பிராணி


ஜூன் 11

என் வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மாமாவின் கடிதமும் கிடைத்தது. நான் சிரிக்கவில்லை. ராஜினாமா எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் அதிகாரி மலைமேல் வருவார்; அப்போது கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

என்ன செய்கிறேன் என்று கேட்டாய். தண்ணீர் வரும், டர்பைன் சுற்றும், நான் காவல் இருப்பேன். ஷிப்ட் மாறும்போது ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இயந்திரத்தின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்போம். உள்ளே எது சுற்றுகிறது, எது உரசுகிறது என்று தனித்தனியாகக் கேட்கும். மீட்டர் பொய் சொன்னாலும் இரும்பு சொல்லாது. மற்றபடி சோறு, தூக்கம், ஈரம் காயாத சட்டை.

மாமாவின் சக்கரத்தில் உன் சேட்டையைக் காட்டாதே. அம்மா எப்படி இருக்கிறாள்? அவள் எழுதுவதே இல்லை.

அப்பா


ஜூன் 15

அன்புள்ள அப்பா,

இப்போது எனக்கு உங்கள்மேலேயே சந்தேகம். ஊருக்கே கரண்ட் கொடுக்கிறவர் நீங்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு சுற்றுகூடச் சுற்றாத டர்பைனோடு பதினாறு வருஷம் குடித்தனம் செய்தவர். உங்கள் காதிலேயே மாமா இவ்வளவு பெரிய பூவைச் சுற்றுகிறார், நீங்களும் தலையை ஆட்டாமல் காட்டிக்கொண்டிருக்கிறீர்களே! அங்கே யாராவது உங்களை மாற்றிவிட்டு வேறு அப்பாவை வைத்துவிட்டார்களா?

நீங்கள் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் "அப்பா என்ன பண்றார்" என்று கேட்டால், "அணையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார், விட்டால் ஊரே முழுகிவிடும்" என்று சொல்லிச் சமாளித்து அலுத்துவிட்டது. ஆனால் வந்த மறுநாளே சக்கரம் நின்றுபோனால் நீங்கள் எங்கே போவீர்கள்? விட்ட வேலை திரும்பக் கிடைக்காது என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். உங்கள் ஸ்க்ரூடிரைவர் வித்தை. மாமா டீ குடிக்கப் போனபோது பெட்டியின் பக்கவாட்டில் முனையை வைத்துக் காதைக் கொடுத்தேன். மேலே கடகடகட. அது கோலிக்குண்டு. அதற்கு அடியில், விடாமல், மெல்லிசாக, ங்ங்ங்ங் என்று ஒன்று. ஊசியும் நூலும் அப்படிப் பாடாது அப்பா. என் பழைய பொம்மை ரயில்தான் அப்படிப் பாடும்.

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "போன வாரம் என் ஷேவிங் கிரீம் டியூப்ல டூத்பேஸ்ட்டை அடைச்சு வெச்சது யாரு? நீ சொன்னா நான் நம்பணுமா?" என்றார். சேட்டைக்காரி உண்மை பேசக் கூடாதென்று சட்டமா?

வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்துவிட்டது. பெட்டிக் கதவின் கொக்கிக்கு உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நீல மை தடவி வைத்திருக்கிறேன். லேசில் போகாத மை. திறக்கிறவர் விரல் காட்டிக் கொடுக்கட்டும். அது தெரியும்வரை ராஜினாமா பையிலேயே இருக்கட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

துப்பறியும் வாலு


ஜூன் 19

அப்பா,

மறுநாள் காலையில் மாமாவின் கையைப் பிடித்து ரேகை பார்க்கிறேன் என்று பத்து விரலையும் புரட்டினேன். சுத்தம். "கண்டுபிடிப்பாளன் யோகம் இருக்கா?" என்று ஆசையாகக் கேட்டார். அந்த முகத்தில் கள்ளமே இல்லை அப்பா. அவர் நிஜமாகவே நம்புகிறார்.

அப்புறம் அம்மா எனக்கு டீ கொடுத்தாள். டம்ளரைப் பிடித்திருந்த கட்டைவிரல் நீலம்.

"என்னம்மா இது?"

"பேனா கசிஞ்சுது."

"நீ பேனா பிடிச்சு எத்தனை நாளாச்சு?"

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் நாள் மாமா தட்டியதும் சக்கரம் நாலு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டதாம். பெரிய ஆள், குழந்தை மாதிரி முகம் தொங்கிப் போய் உட்கார்ந்திருந்தாராம். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, என் பொம்மை ரயிலின் மோட்டாரில் ஒரு ரப்பர் உருளையை மாட்டி, சக்கரத்தின் விளிம்பை உரசுகிற மாதிரி உள்ளே வைத்துவிட்டாள். தினமும் பேட்டரி மாற்றுவது அவள். திரும்பி வந்து தட்டியவர் பார்த்தது அதிசயம்.

"உன் தம்பிக்காகவா இவ்வளவும்?" என்றேன்.

"முதல்ல அவனுக்காகத்தான். ஆனா, இது ஓடினா அத்தானை வேலையை விட்டுட்டு வரச் சொல்றேன்க்கான்னு சொன்னான் பாரு. அப்புறம் நிறுத்த மனசு வரல."

"பொய் சொல்லியாம்மா வர வைக்கிறது?"

"ஆறு வருஷமா ஒரு மனுஷன் 'அடுத்த வருஷம் வந்துடறேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கார். அந்தச் சக்கரம் எதை நம்பி ஓடுதுன்னு யாராவது கேட்டீங்களா? இதை மட்டும் ஏன்டி கேக்கறே?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. குறித்துக்கொள்ளுங்கள், வரலாற்றில் முதல் தடவை. அம்மா தையல் மெஷினில் போய் உட்கார்ந்து, துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதினால் நீங்கள் வரமாட்டீர்கள். எழுதாவிட்டால் ஒரு பொம்மை ரயிலை நம்பி வருவீர்கள். எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்தேன். உங்களை ஏமாற்றி வரவைத்தால் அதுதான் என் சேட்டையிலேயே மட்டமான சேட்டையாக இருக்கும். அதனால் எழுதிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். தெரிந்து முடிவு செய்யுங்கள்.

அம்மாமேல் கோபப்படாதீர்கள். கோபம் வந்தால் என்மேல் படுங்கள், எனக்குப் பழக்கம்.

வாலு


ஜூன் 30

என் வாலுக்கு,

மாமாவின் கடிதத்தைப் படித்தபோதே அந்தச் சக்கரம் தானாக ஓடாது என்று எனக்குத் தெரியும். இங்கே மதகை மூடினால், வீடு அளவு பெரிய டர்பைன் கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போகும். தினமும் பார்க்கிறேன். கோலிக்குண்டுக்கு மட்டும் யார் சலுகை கொடுப்பார்கள்?

தெரிந்தும் ராஜினாமா எழுதினேன். கீழே வந்தால் என்ன வேலை கிடைக்குமோ என்று பயந்துதான் ஒவ்வொரு வருஷத்தையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன். கிளம்ப ஒரு சாக்கு வேண்டியிருந்தது. உன் மாமா பைத்தியக்காரச் சாக்கு ஒன்றைக் கொடுத்தார், பிடித்துக்கொண்டேன். உன் அம்மா சொன்னதைப் படித்த பிறகு சாக்குத் தேவைப்படவில்லை.

அதிகாரி நேற்று வந்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டு, "என்னப்பா காரணம்?" என்றார்.

"வீட்ல ஒரு சக்கரம் தானா ஓடுதாம் சார். யார் ஓட்டறாங்கன்னு பார்க்கப் போறேன்" என்றேன். மலைக்காற்று தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

தண்ணீர் பம்பு பழுதாகாத தெரு எங்கேயும் இல்லை. பிழைத்துக்கொள்ளலாம்.

மருந்துக்கடைக்காரர் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள். புதிதாக யாரையும் அழைத்து வந்து காட்ட விடாதே. மாமாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். அவர் முகம் தொங்கும்போது யாராவது தோளில் கை போட வேண்டும். அது கடிதத்தில் முடியாது.

எனக்குப் பதில் ஆள் மேலே வந்து சேர இரண்டு வாரம் ஆகும். அதுவரை அம்மாவுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். என்றைக்காவது அவள் பேட்டரி மாற்ற மறந்துபோனால், நீ மாற்றிவிடு.

விரலில் மை படாமல்.

அப்பா