முழுப் பட்டியலையும் போட்டுவிட்டேன்

வியாழன், ஐப்பசி 20

எழுதவே கூச்சமாக இருக்கிறது. குத்தாலம் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குச் செக்கப் தேதியை மெசேஜில் அனுப்ப நான் எழுதிய புரோகிராம், சிலருக்குத் தேதியைத் தப்பாக அனுப்பியது. காலையில் இணையக் குழு ஒன்றில் உதவி கேட்டேன். தவறு எங்கே என்று தேடச் சோம்பல்பட்டு, புரோகிராம் முழுவதையும் பெயர்ப் பட்டியலோடு அப்படியே போட்டுவிட்டேன்.

மதியம் முன்பின் தெரியாத ஒருவர் பதில் எழுதியிருந்தார். "மேடம், முதல்ல பட்டியலை எடுத்துடுங்க. நிஜப் பேரும் போன் நம்பரும் இருக்கு. தப்பு வர்ற சில வரியை மட்டும், ரெண்டு பொய்ப் பேர் வச்சு அனுப்புங்க, போதும்."

உடனே அழித்தேன். பிறகு அவர் சொன்னபடி தேவையில்லாத வரிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தேன். ஏழு வரி மிஞ்சியபோது தவறு தெரிந்தது. தேதியில் நாளையும் மாதத்தையும் நான்தான் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன்; நாள் பன்னிரண்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் அது தப்பாகப் போயிருக்கிறது. யாரையும் கேட்டிருக்கவே வேண்டாம்.

பட்டியலில் மலர் இருக்கிறாள். இரண்டு முறை கலைந்துபோனதால், இந்தத் தடவை மாமியாரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறாள். சாயங்காலம் அவள் வேலை பார்க்கும் தையல் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை பேர் பார்த்திருப்பாங்க, அக்கா?"

"தெரியலைம்மா."

திட்டியிருந்தால் தேவலை. "எனக்கு இனிமே மெசேஜ் வேண்டாம். தேதியை நானே ஞாபகம் வச்சுக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாளை டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். அப்புறம் மற்றவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும். இன்னும் முப்பத்தேழு பேர்.