உங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி

ராத்தா,

திங்கட்கிழமை காலை முன்பள்ளி அலுவலக அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பொறுப்பாளர் மிஸ், நிறத்தாள் வெட்டிக்கொண்டிருந்த தர்சினி ரீச்சர், பெற்றோர் சங்கச் செயலாளர் என்ற பேரில் நான். நான்காவதாக நீங்களும் இருந்தீர்கள், பைலுக்குள்.

தரை துடைக்கும் மருந்து மணத்தது. பரிசோதனைக்கு அதிகாரிகள் வருவதற்கு முந்திய கிழமை மட்டும் அந்தக் கட்டடத்தில் எழும் மணம் அது. போன முறை படலையடியில் நீங்கள் மூக்கைச் சுருக்கி, "மணக்குது புள்ள, பெரியாக்கள் வாறாங்க போல" என்று சிரித்தீர்கள். பிள்ளைகளைப் பார்க்க வந்து நீங்கள் அங்கே சிரித்த கடைசிக் கிழமை அதுதான்.

மிஸ் பைலை என் பக்கம் தள்ளினார்.

"வடிவா ஒருக்காப் பாத்திட்டு, பெற்றோர் தரப்பு எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ. நீங்கள் கோயில் குளம் எண்டு இருக்கிற ஆள். உங்கட கையெழுத்தெண்டால் பரிசோதனைக்கு வாற சேர்மார் கேள்வி கேக்கமாட்டினம்."

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கைக்கு வந்த தாளை முழுவதும் வாசிக்காமல் கீழே வைப்பதில்லை. அந்தப் பரிசோதனைக் கைநூலைக்கூட மிஸ்ஸின் அலுமாரியில் இருந்து கேட்டு வாங்கிப்போய், குசினியில் சோறு வேகும் நேரங்களில் எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தேன். ஒருவர் பொறுப்பில் அளவுக்கு மேல் பிள்ளைகளை விடக்கூடாது. ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும், பராமரிப்பவரே பார்த்து, தன் கையால் குறிப்பு எழுத வேண்டும். இரண்டும் அதில் இருக்கின்றன.

பைலில் பதினொரு குறிப்புப் பக்கங்கள் உங்கள் பெயரில் இருந்தன. உங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு வந்த திகதிகள். ஆள் காணாது என்பதால் தாளில் மட்டும் உங்களை இன்னும் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வசனம்: 'பிள்ளை நன்றாகப் பழகுகிறார்.' நான் நாள் குறித்து வைக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கண்மூடிய நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்குப் பாலம் கடந்து கிண்ணியாவுக்கு வந்து, உங்கள் மகள் தந்த கஞ்சியை நான் குடித்த அன்று, அந்தப் பைலில் நீங்கள் பிள்ளைகளுக்குக் கைகழுவப் பழக்கியிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், ராத்தா, ஒரு உ.

நீங்கள் எழுத முதல் 786 போடுவீர்கள். "இது என்ன கணக்கு ராத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ புள்ளையார் சுழி போடுறாயே, அது மாதிரி இது எங்கட பிஸ்மி. கணக்குத்தான் புள்ள, ஆனா கூட்டிப் பாக்கத் தேவல்ல" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மிஸ் உங்கள் கையெழுத்தின் சரிவைக்கூட நன்றாகத்தான் பிடித்திருக்கிறார். கைப்பழக்கம் மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டது. காரியம் விக்கினமில்லாமல் முடிய வேண்டுமென்று பிள்ளையாரை வைத்துத்தானே நாங்கள் எதையும் தொடங்குவோம். செத்த மனிசியின் பெயரில் பொய் எழுதவும் மிஸ் அவரையே வைத்திருக்கிறார். நான் விடிய எழும்பி விளக்கேற்றிக் கும்பிடுகிற சுழி அது. அதைப் பார்த்ததும் என் உள்ளங்கை சுட்டது.

போன முறை நடந்ததை ஒன்றும் மறக்கவில்லை. வேறொரு நிலையத்தில் இருந்து இரவல் வாங்கிய விளையாட்டுச் சாமான்கள். வரவேண்டாம் என்று பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதிகாரி சும்மா கேட்பதுபோல, "அம்மா, நீங்கள் எத்தனை பிள்ளைகளைப் பாக்கிறனீங்கள்?" என்றார். நீங்கள் ஒருத்தியின் மூக்கைத் துடைத்தபடியே சொன்னீர்கள்: "இண்டைக்கு எட்டு, சேர். மத்த நாளெல்லாம் இருவத்திரெண்டு. நான் ஒராள்."

மிஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மறுநாள் இரவல் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஓட்டோ போக, என் மகள் "யானை, யானை" என்று பின்னால் ஓடினாள். அன்று பின்னேரம் சங்கக் கூட்டம். பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டதாக உங்கள்மேல் ஒரு கடிதம் வாசித்தார்கள். இருபத்திரண்டு பேரைத் தனியே பார்த்தவருக்குக் கவனயீனமாம். கை உயர்த்தச் சொன்னார்கள். நான் உயர்த்தவில்லை. எதிர்த்து வாயும் திறக்கவில்லை. மகளுக்கு அப்போதுதான் பேச்சு வரத் தொடங்கியிருந்தது, அவளை வெளியே விட்டுவிடுவார்களோ என்ற பயம்.

போகும்போது உங்கள் கொப்பியை என் கையில் வைத்தீர்கள். "இத நீ வெச்சுக்க. அங்க கிடந்தா அடுப்புக்குத்தான் போகும்."

அதில் என் மகள் இருக்கிறாள். 'இண்டைக்கு தண்ணி எண்டு செல்லிச்சு.' 'காகத்தப் பாத்து கா எண்டிச்சு, பொறகு என்னயும் கா எண்டிச்சு.' இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் இருபத்திரண்டு விதமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொப்பி என் சாமியறையில், மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் 786.

சீனி வருத்தமும் மனக்கவலையும் சேர்ந்து உங்களைக் கொண்டுபோனதாக உங்கள் மகள் சொன்னா. நான் அதைக் கேட்ட இடத்திலேயே மிஸ்ஸுக்கு ஒரு நாள் குறித்தேன். இப்போது அந்த நாளுக்குத் திகதி வந்திருக்கிறது.

பைலை மூடினேன். "எப்பிடி?" என்றார் மிஸ்.

"நல்லாயிருக்கு மிஸ். ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்."

"கையெழுத்து?"

"வியாழக்கிழமை சேர்மாருக்கு முன்னால வைக்கிறன். அப்பதான் மதிப்பு."

"அதுவும் சரிதான்," என்று மிஸ் சந்தோஷப்பட்டார். தர்சினி ரீச்சர் கத்தரிக்கோலை நிறுத்தி என்னைப் பார்த்தா. பிறகு குனிந்து வெட்டத் தொடங்கினா. லிங்கநகரில் என் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன், வெயில் தெரியவில்லை.

வியாழக்கிழமை இரண்டையும் அருகருகே வைப்பேன். உ போட்ட பக்கம், 786 போட்ட பக்கம். "சேர், இது ஆர் எழுதினது எண்டு மிஸ்ஸிட்டக் கேளுங்கோ" என்பேன். வேறு ஒரு சொல் சொல்லமாட்டேன். அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்து இறங்குவதை நின்று பார்ப்பேன். நீங்கள் மன்னிக்கிற ஆள். அந்த மனசைத் தா என்று நான் சாமியிடம் ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

ஆனால் நேற்றுத்தான் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கண்டேன். அது பின்னட்டையோடு ஒட்டிக் கிடந்தது. கூட்டம் நடந்த அன்றைய திகதி, மேலே என் மகளின் பெயர். பிள்ளைகளைப் பற்றி எழுதும் அதே சரிந்த எழுத்து: 'உம்மா வந்தா. முன் கதிரயில இருந்தா. அழுதா. ஒண்டும் செல்லல்ல.'

அந்த உம்மா நான்.

இதையும் அவர்கள் வாசிப்பார்கள். பிளேடை எடுத்தேன், ராத்தா. எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். பக்கம் குறைந்த கொப்பியைச் சாட்சி என்று எவர் ஏற்பார்? மிஸ்ஸைப் போல நானும் உங்கள் பக்கத்தில் கை வைத்தவளாகிவிடுவேன். அது அப்படியே இருக்கட்டும். மிஸ்ஸுக்கு விழுவதில் எனக்குரிய பங்கு எனக்கும் விழட்டும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அதை எழுதும்போது என்மேல் உங்களுக்குக் கோபம் இருந்ததா, இல்லையா? கனவிலோ எதிலோ, உங்களுக்கு ஏலுமான வழியில் சொல்லுங்கள். வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவர்கள் வருகிறார்கள். அதற்கு முதல் எனக்குப் பதில் வேண்டும்.